கிழமையும் அரசாணையும் செல்லப்பெயரும்: தாய்லாந்தின் கலப்பு மரபுக் குழந்தைகள் பெயர் பெற்ற வரலாறு

தாய்லாந்தில் பிறக்கும் குழந்தைக்குப் பொதுவாக மூன்று பெயர்கள் அமைகின்றன. பிறப்புச் சான்றிதழிலும் பள்ளிப் பதிவேட்டிலும் ஏறும் இயற்பெயர் 'ச்சூ ஜிங்' எனப்படும். வீட்டிலும் தெருவிலும், வளர்ந்தபின் அலுவலகத்திலும்கூட, வாய்விட்டு அழைக்கப்படும் செல்லப்பெயர் 'ச்சூ லென்', அதாவது விளையாட்டுப் பெயர், எனப்படும். தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வரும் குடும்பப்பெயர் 'நாம்சகுன்' எனப்படும். இம்மூன்றும் ஒரே காலத்தில் தோன்றியவையும் அல்ல, ஒரே கையால் வகுக்கப்பட்டவையும் அல்ல. பெற்றோரில் ஒருவர் சீனராகவோ ஐரோப்பியராகவோ அமெரிக்கராகவோ இருக்கும் குழந்தைக்குப் பெயர் தேர்வது இன்று இரு குடும்பங்களுக்கிடையே நடக்கும் வீட்டு விவகாரமாகத் தோன்றினாலும், அதன் விதிகளை வகுத்துவிட்டுப் போனவர்கள் சோதிடர்களும் பிக்குகளும் ஓர் அரசரும் ஒரு படைத்தலைவரும் ஆவர். 'அசல்' தாய்லாந்துப் பெயர் என்று இப்போது கொண்டாடப்படுவதில் பெரும்பகுதி இருபதாம் நூற்றாண்டில் உருவானது என்பதும், அதை உருவாக்கிக்கொண்ட குடும்பங்கள் பலவற்றின் வேர், தாய்லாந்தின் பழம்பெயரான சியாமுக்கு வெளியே இருந்தது என்பதும் இவ்வரலாற்றைப் படிக்கும்போது மறக்கக் கூடாதவை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை சியாமியக் குடிமக்களுக்கு ஒற்றைப் பெயரே இருந்தது. அதுவும் பெரும்பாலும் ஓரசைச் சொல்லாகவே இருந்தது. தேங் (சிவப்பு), தம் (கறுப்பு), தோங் (பொன்), இன், ஜன், மீ, மா என்பன போன்ற பெயர்கள் ஊருக்கு ஊர் மலிந்து கிடந்தமையால், ஒருவரை மற்றொருவரிடமிருந்து பிரித்தறிய ஊரையோ தகப்பனையோ உடல் அடையாளத்தையோ சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. பர்மியப் படையெடுப்பை எதிர்த்துப் போரிட்ட பாங் ரச்சன் ஊர்த் தலைவர்களுள் ஒருவர் கோரைப்பல் போல் மீசை வளைந்த ஜன் என்றே இன்றளவும் வரலாற்றில் அறியப்படுவது இவ்வழக்கத்தின் எச்சமாகும். அரசுப்பணியில் உயர்ந்தவர்களோ குன், லுவாங், ப்ரா, ப்ரயா, சாவ் ப்ரயா என்னும் படிநிலைப் பட்டங்களோடு, பாலியிலும் சமஸ்கிருதத்திலும் அமைந்த நீண்ட பணிப்பெயரையும் அரசரிடமிருந்து பெற்றனர். பிறந்தபோது இட்ட பெயர் அப்பட்டத்தின் நிழலில் மறைந்துபோயிற்று. ஆகவே, வடமொழி ஒலிக்கும் பெயர் என்பது அக்காலத்தில் குழந்தைக்கு இடப்படுவதன்று, பெரியவர் ஈட்டுவது.

குழந்தையின் பெயரை உடனே சொல்லக் கூடாது என்னும் அச்சம் இதைவிடப் பழையது. பிறந்த மூன்று நாள்வரை பிள்ளை பேயினுடையது, நான்காம் நாளிலிருந்துதான் மனிதருடையது என்று சியாமியர் சொல்லி வந்தனர். அம்மூன்று நாள்களுக்குள் மருத்துவச்சி குழந்தையை முறத்தில் கிடத்தி மெல்ல ஆட்டி, இது யார் பிள்ளை, வேண்டுவோர் எடுத்துக்கொள்ளலாம் என்று கூவ, குடும்பத்துக்கு வேண்டிய பெண்ணொருத்தி சில காசு கொடுத்து அதை 'வாங்கி'க்கொள்வாள். பெற்றவளே பொருட்படுத்தாத பிள்ளையை ஆவிகளும் பொருட்படுத்தா என்பது கணக்கு. தவிட்டுக்குப் பிள்ளையை விற்று வாங்கிக் குப்பை என்றும் பிச்சை என்றும் பெயரிட்ட தமிழ்க் குடும்பங்களுக்கு இச்சடங்கை விளக்க வேண்டியதில்லை. ஒரு மாதம் நிறைந்தபின் தலைமுடி மழித்து, மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டி, உடலை விட்டு அலையக்கூடிய 'க்வன்' என்னும் உயிர்ச்சாரத்தைத் தங்கியிருக்குமாறு வேண்டும் சடங்கு நடந்தது. அதுவரையிலும், பல வீடுகளில் அதற்குப் பின்னரும், குழந்தை தவளை, பன்றி, எலி, குண்டு, சின்னது என்னும் பொருள்தரும் கோப், மூ, நூ, உவன், லெக் முதலிய பெயர்களால் அழைக்கப்பட்டது. செல்லப்பெயர் என்னும் நிறுவனத்தின் வேர் இந்த மறைப்பில்தான் இருக்கிறது. பேய்ப்பயம் போனபின்னும் அப்பெயர் போகவில்லை. எந்தச் சட்டமும் அதனுள் நுழையாமல் விட்டமையால், பிற்காலத்தில் அயல்மரபுகளுக்கு அதுவே திறந்த வாசலாயிற்று.

இயற்பெயரைப் பொறுத்தவரை சட்டத்துக்கு முன்பே ஒரு கட்டுப்பாடு இருந்தது. அது எழுத்து வரிசையைச் சார்ந்தது. தாய்லாந்து எழுத்து கெமர் எழுத்தின் வழியாகப் பல்லவ எழுத்திலிருந்து கிளைத்ததாகையால், க, ச, ட, த, ப என்னும் இந்திய வருக்க அடைவு அதில் இன்றும் குலையாமல் இருக்கிறது. 'தக்சா' எனப்படும் பெயர்ச்சோதிடம் இவ்வடைவை எட்டுக் கோள்களுக்குப் பங்கிடுகிறது: உயிரெழுத்துகள் ஞாயிறுக்கும், க வருக்கம் திங்களுக்கும், ச வருக்கம் செவ்வாய்க்கும், ட வருக்கம் புதனுக்கும், த வருக்கம் சனிக்கும், ப வருக்கம் வியாழனுக்கும், ய ர ல வ என்பன ராகுவுக்கும், ஸகரம் ஹகரம் முதலியன வெள்ளிக்கும் உரியவை. புதன்கிழமை மாலைக்குப் பின் பிறந்தவர் ராகுவின் கணக்கில் சேர்க்கப்படுவதால் கிழமைகள் ஏழாக இருந்தும் பிரிவுகள் எட்டாகின்றன. குழந்தை பிறந்த கிழமையில் தொடங்கி இந்த வட்டத்தைச் சுற்றி வந்தால், பரிவாரம், ஆயுள், தேஜஸ், ஸ்ரீ, மூலம், உற்சாகம், மந்திரி என்னும் ஏழு நற்பயன்களும், எட்டாவதாகக் காலகிணி என்னும் கேடும் முறையே ஒவ்வொரு எழுத்துக் குழுவுக்கும் அமையும். நற்பயன் எழுத்துகளைத் தேர்ந்தெடுப்பது விருப்பத்தைப் பொறுத்தது. காலகிணி எழுத்தைப் பெயரில் எங்கும் வரவிடாமல் தவிர்ப்பதோ கட்டாயம் என்றே சோதிடர்கள் கொண்டனர். பர்மாவில் கிழமை எழுத்து பெயருக்கு முதலெழுத்தைத் தருகிறது. சியாமில் அது பெரும்பாலும் விலக்கையே தருகிறது.

இவ்விலக்கு கலப்பு மணத் தம்பதியரை எப்படித் தொடுகிறது என்பதை ஒவ்வொரு கிழமையாக எண்ணிப் பார்த்தால் தெளிவாகும். செவ்வாயில் பிறந்த பெண்ணுக்குக் க வருக்கம் ஆகாது என்பதால் கேத்தரின் விலகிவிடுகிறாள்; புதன் பகலில் பிறந்தவனுக்குச் ச வருக்கம் ஆகாது என்பதால் ஜேம்சும் சார்லியும் போய்விடுகின்றனர்; புதன் இரவில் பிறந்தவனுக்குப் பீட்டர், மார்க் இரண்டுமே ஆகா; வெள்ளியில் பிறந்தவளுக்கு லாரா ஆகாது. எல்லாவற்றிலும் கடினமானது திங்கட்கிழமை. அன்று பிறந்தவருக்கு உயிரெழுத்துகள் அனைத்தும் காலகிணியாவதால், எழுத்தில் உயிர்க்குறி ஒன்றுகூட இல்லாத பெயரைத் தேட வேண்டியிருக்கிறது. அகரம் மெய்யோடு மறைந்தே நிற்கும் இந்திய எழுத்துமுறை இங்கே கைகொடுக்கிறது: தாமரையைக் குறிக்கும் 'கமல' என்னும் சொல் க, ம, ல என்ற மூன்றே எழுத்துகளால், எந்தக் குறியும் ஏறாமல், எழுதப்படுகிறது; சொல்லின் இறுதியில் வரும் லகரம் தாய்லாந்து நாவில் னகரமாக மாறுவதால் அது 'கமொன்' என்று ஒலிக்கிறது. செல்வத்தையும் வலிமையையும் சேர்த்த 'தனபல' என்பதும் அவ்வாறே தனபொன் ஆகிறது. மரியா, அன்னா, லியோ, ஹான்ஸ் என்று ஐரோப்பியத் தாத்தா பாட்டியர் விரும்பக்கூடிய எதையும் தாய்லாந்து எழுத்தில் உயிர்க்குறியின்றி எழுத வழியில்லை. எனினும் இந்த விதி எல்லாரையும் கட்டியதில்லை என்பதற்கு அரண்மனையே சான்று: 1927 டிசம்பர் 5ஆம் நாள் திங்கட்கிழமையன்று பிறந்த பூமிபோல் அதுல்யதேஜ் அரசரின் பெயரில் உயிர்க்குறிகள் தாராளமாகவே உள்ளன.

அயலாரின் பெயரை உள்ளூர் நாவுக்கு ஏற்பத் திருத்திக்கொள்ளும் பழக்கம் அயுத்தயா காலத்திலேயே வேரூன்றியிருந்தது. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நாராய் அரசரின் அவையில் செல்வாக்குப் பெற்றிருந்த கிரேக்கரான கான்ஸ்டன்டைன் ஃபால்கனின் மனைவி மரியா கியோமார், போர்ச்சுகீசிய, ஜப்பானிய, வங்காளக் கலப்பில் வந்தவர். கணவர் 1688இல் கொல்லப்பட்டபின் அவர் அரண்மனைச் சமையற்கூடத்தில் பணியாற்றிப் பெற்ற பட்டம் 'தாவ் தோங் கீப் மா' என்பது. பொன்னையும் குதிரைக்குளம்பையும் குறிக்கும் இப்பட்டத்தில் கியோமார் என்ற ஒலி பதுங்கியிருப்பதாகக் கூறுவர். முட்டை மஞ்சட்கருவையும் சர்க்கரையையும் கொண்டு செய்யும் தாய்லாந்து இனிப்புகள் சிலவற்றை அவர் பெயரோடு இணைத்துப் பேசுவது இன்றும் வழக்கம். அதே நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரசீகத்திலிருந்து வந்து குடியேறிய ஷேக் அகமதுவின் வழியினர் சில தலைமுறைகளில் பௌத்தராகி, அரசவையின் மிகப் பெரிய குடும்பமாக வளர்ந்து, பின்னாளில் அரசர் முதலாம் ராமரின் தோழராயிருந்த தம் மூதாதை புன்னாகின் பெயரையே குடும்பப்பெயராக்கிக்கொண்டனர். பாரசீகம் அப்பெயரில் எங்கும் தெரிவதில்லை.

இவ்வாறு தனித்தனியே நடந்துவந்த திருத்தத்தை நாடு முழுவதற்குமான சட்டமாக்கியவர் ஆறாம் ராமரான வஜிராவுத் அரசர். இங்கிலாந்தில் ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்து, சாண்ட்ஹர்ஸ்டிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் பயின்று திரும்பிய அவர், குடும்பப்பெயர் இன்மையை நாகரிகக் குறையாகவும் ஆட்சிக்கு இடைஞ்சலாகவும் கருதினார். அவர் பிறப்பித்த குடும்பப்பெயர்ச் சட்டம் 1913 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு குடும்பத் தலைவரும் ஒரு பெயரைத் தேர்ந்து மாவட்ட அலுவலகத்தில் பதிய வேண்டும், அது ஆண்வழியில் இறங்கும், ஒரு குடும்பத்தின் பெயரை உறவல்லாத மற்றொரு குடும்பம் கொள்ளக் கூடாது என்பன அதன் சாரம். ஐரோப்பாவில் ஸ்மித்துகளும் முல்லர்களும் ஒருவருக்கொருவர் உறவாக இருக்க வேண்டியதில்லை. தாய்லாந்தில் ஒரே குடும்பப்பெயர் உள்ளவர் இருவர் சந்தித்தால் உறவினராகவே இருப்பர். அரசர் தாமே அமர்ந்து ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்களை ஆக்கி வழங்கினார். அவற்றுள் முதலாவது, தலைநகர அமைச்சராயிருந்த சாவ் ப்ரயா யோமராஜுக்குக் கிடைத்த 'சுகும்' என்பது. பெயர் வேண்டி விண்ணப்பித்தவர் தம் பாட்டன், முப்பாட்டன் பெயர்களையும் தொழிலையும் ஊரையும் எழுதித் தர, அரசர் அவற்றிலிருந்து ஒரு வேரை எடுத்துப் பாலியிலோ சமஸ்கிருதத்திலோ வார்த்து, ரோமன் எழுத்தில் அதை எப்படி எழுத வேண்டும் என்பதையும் குறித்துக் கொடுத்தார். இவ்வளவு பெரிய அளவில் ஓர் அரசர் சொல்லாக்கப் பணியில் இறங்கியது வேறெங்கும் நிகழ்ந்திருக்குமா என்பது ஐயமே.

கலப்பு மரபினரின் வரலாற்றுக்கு, அரசர் வழங்கிய இப்பெயர்களின் பதிவேடு ஒரு சுரங்கம். சுலாலங்கோர்ன் அரசரின் ஆலோசகராயிருந்து 1884இல் பாங்காக்கில் மறைந்த ஆங்கிலேயர் ஹென்றி அலபாஸ்டரின் சியாமியப் பிள்ளைகள் வழி வந்தோர்க்கு அரசர் தந்த பெயர் 'ஸ்வேதசிலா', அதாவது வெண்கல். அலபாஸ்டர் என்னும் ஆங்கிலச் சொல் வெண்மையான ஒரு கல்வகையைக் குறிப்பதால், தந்தைவழிப் பெயர் எழுத்தளவில் மறைந்து பொருளளவில் நிலைத்தது. அக்குடும்பத்தில் வந்த பேரனான சித்தி ஸ்வேதசிலா 1980 முதல் 1990 வரை தாய்லாந்தின் வெளியுறவு அமைச்சராக இருந்தபோது, அப்பெயருக்குப் பின்னால் ஓர் ஆங்கிலேயர் இருப்பதைக் கேட்டவர் எவரும் ஊகித்திருக்க முடியாது. ஹக்கா சீன மரபில் வந்த மருத்துவக் குடும்பமொன்று 'வேஜ்ஜாஜீவ' என்ற பெயரைப் பெற்றது. வைத்தியத்தைப் பிழைப்பாகக் கொண்டவர் என்பது பொருள். பினாங்கு வழியாக வந்து ரனோங்கில் வெள்ளீயச் சுரங்கத் தொழிலால் உயர்ந்து அவ்வூரின் ஆளுநரான ஹொக்கியன் சீனர் காவ் சூ சியாங்கின் வழியினரோ 'ந ரனோங்' என்று பெயர் கொண்டனர். ஊரைச் சேர்ந்தவர் என்று பொருள்படும் 'ந' என்னும் முன்னொட்டு அவ்வூரை ஆண்ட குடும்பங்களுக்கு மட்டும் உரியது. குடியேறிய ஒருவரின் பேரப்பிள்ளைகள் அதன் வழியாக மண்ணின் மைந்தர் ஆயினர்.

இதே அரசர்தாம் 1914இல் சீனரைக் கீழைநாட்டின் யூதர்கள் என்று சாடி எழுதியவர் என்பதும், சீனர் 'ஸே' என்றழைக்கும் குலப்பெயருக்கும் தாம் புகுத்திய குடும்பப்பெயருக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கித் தனிக் கட்டுரையே வரைந்தவர் என்பதும் சேர்த்துக் கருதத்தக்கவை. ஒரு கையால் அயன்மையைப் பழித்து மறுகையால் அதைக் கரைத்துக்கொள்ளும் வழியையும் காட்டிய இம்முரண்பாடுதான் பின்வந்த அரைநூற்றாண்டின் போக்கைத் தீர்மானித்தது. ஸே தான், ஸே லிம், ஸே லீ என்று பதிவாகியிருந்த சீனத் தந்தையரும் சியாமிய அன்னையரும் கொண்ட குடும்பங்கள், தேசியவாத நெருக்கடி இறுகிய 1930களிலிருந்து கூட்டம் கூட்டமாகப் புதிய பெயர்களைப் பதிந்தன. ஸே கூ என்ற ஹக்கா குலத்தைச் சேர்ந்த சியாங்மாய்ப் பட்டு வணிகக் குடும்பம் 1938இல் ஷினவத்ரா ஆனது. சிலர் குலப்பெயரின் ஓரசையைப் புதிய பெயரின் தொடக்கத்தில் ஒளித்துவைத்தனர். லிம்தோங்குன் என்பதில் லிம் வெளிப்படையாகவே நிற்கிறது. சிலர் பொருளை மட்டும் கொண்டனர். குதிரையைக் குறிக்கும் 'பே' குலத்தார் 'அஸ்வ' என்னும் வடசொல்லை நாடியது அவ்வகை. ஏற்கெனவே பதிவான பெயரைத் திரும்பக் கொள்ளக் கூடாது என்ற விதியால், தாமதமாக வந்தவர்கள் சொல்லோடு சொல்லை ஒட்டி நீட்டிக்கொண்டே போக நேர்ந்தது. அயல்நாட்டார் வாயில் நுழையாத நீண்ட தாய்லாந்துக் குடும்பப்பெயர்கள் பெரும்பாலும் பழங்குடிப் பெருமையின் அடையாளமல்ல. சீனக் கலப்பின் அடையாளம். வீட்டுக்குள் மட்டும் பிள்ளைகள் முவய், ஹெங் என்று தெயோச்சீவ் மொழியிலேயே அழைக்கப்பட்டனர்.

அரச குடும்பத்தில் இச்சிக்கல் வேறு வடிவில் எழுந்தது. சுலாலங்கோர்ன் அரசரின் மகனும் ரஷ்யாவில் படைப்பயிற்சி பெற்றவருமான சக்ரபோங்ஸ் இளவரசர், கீவ் நகரோடு தொடர்புடைய எகதெரினா தெஸ்னித்ஸ்காயாவை 1906இல் கான்ஸ்டான்டிநோபிளில் எவருக்கும் அறிவிக்காமல் மணந்தார். அரசரின் சினம் தணியாதிருக்க, 1908 மார்ச்சில் பாங்காக்கில் பிறந்த பேரனைப் பாட்டியான சவோபா அரசியார் சீராட்டி வளர்த்தார். குழந்தைக்கு முதலில் அமைந்த பெயர் போங்சக். தந்தையின் பெயரான சக்ரபோங்ஸை முன்பின்னாக மாற்றிய பெயர் அது. பின்னர் ஆறாம் ராமர் அதைச் 'சுல சக்ரபோங்ஸ்', அதாவது சிறிய சக்ரபோங்ஸ், என்று உயர்த்தி வழங்கினார். செல்லப்பெயரோ எலிக்குஞ்சு என்று பொருள்படும் 'நூ'; ரஷ்யத் தாய்க்குப் பிறந்த இளவரசனும் தெருப்பிள்ளையும் பகிர்ந்துகொண்ட பெயர் அது. இப்பெயர்களில் ரஷ்யச் சுவடு ஒன்றுமில்லை. தந்தைவழியை இரட்டிப்பாக வலியுறுத்தும் பெயர் தாய்வழியின் மீதான மௌனத்தையும் காட்டுகிறது என்று கொள்ள இடமுண்டு; அயல்நாட்டு மனைவியை உடைய இளவரசரை அரியணையிலிருந்து விலக்கும் வாரிசுரிமைச் சட்டம் 1924இல் வந்தது என்பதையும் இங்கே நினைவிற்கொள்ளலாம்.

1932இல் முழு முடியாட்சி முடிவுற்றபின் பெயர் மீதான அதிகாரம் அரண்மனையிலிருந்து அமைச்சகங்களுக்கு மாறியது. படைத்தலைவர் ஃபிபூன் சோங்க்ராம் தலைமையிலான அரசு 1940களின் தொடக்கத்தில் தொப்பி அணிவது முதல் வாழ்த்துச் சொல்வது வரை குடிமக்களின் அன்றாடத்தை ஆணைகளால் வகுத்தபோது, ஆண்பெயரும் பெண்பெயரும் கேட்டவுடன் வேறுபட்டு ஒலிக்க வேண்டும் என்ற கொள்கையையும் புகுத்தியது. தென்மாகாண மலாய் முஸ்லிம்களும் தாய்லாந்துப் பெயர் கொள்ளுமாறு நெருக்கப்பட்டனர். ஓரசைப் பெயர்கள் நாட்டுப்புறத்துக்கு உரியவை என்ற எண்ணம் பரவ, பாலி வேர்களால் ஆன மெல்லிய பெயர்களைப் பிக்குகளிடமும் ஆசிரியர்களிடமும் கேட்டு வாங்கும் வழக்கம் நடுத்தர வகுப்பெங்கும் நிலைபெற்றது. முன்பு பட்டம் பெற்ற அதிகாரிக்கு மட்டும் வாய்த்த ஒலி இப்போது தொட்டிலுக்கு வந்துவிட்டது.

இப்போது நடப்பிலுள்ள ஆட்பெயர்ச் சட்டம் 1962ஆம் ஆண்டினது. இயற்பெயர் அரசர், அரசியார் பெயர்களை ஒத்திருக்கலாகாது, இழிபொருள் தரலாகாது என்றும், புதிதாக அமைக்கும் குடும்பப்பெயரில் பத்து மெய்யெழுத்துகளுக்கு மேல் வரலாகாது என்றும் வரையறுக்கும் அச்சட்டம், இயற்பெயருக்கும் குடும்பப்பெயருக்கும் நடுவில் துணைப்பெயர் ஒன்றையும் அனுமதிக்கிறது. நடுப்பெயர் இடும் மேலைநாட்டுப் பழக்கமுள்ள குடும்பங்களுக்கு இந்த இடம் பயன்படுகிறது. மணமான பெண் கணவரின் குடும்பப்பெயரையே கொள்ள வேண்டும் என்ற பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று 2003இல் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்து, 2005இல் சட்டமும் திருத்தப்பட்டபின், அயல்நாட்டவரை மணந்த பெண் தன் பெயரைத் தக்கவைத்துக்கொள்வது எளிதாயிற்று.

இச்சட்டத்தின் முதல் பதினைந்தாண்டுகள் அமெரிக்கப் படைகள் உதோன் தானி, உபோன், நகோன் ராச்சசீமா, தக்லி, ஊ-தபாவ் முதலிய தளங்களில் தங்கியிருந்த ஆண்டுகளும் ஆகும். 'பாதிக் குழந்தை' என்று நேர்ப்பொருள் தரும் 'லூக் க்ருங்' என்ற சொல் அக்காலத்தில் பெற்ற கசப்பு எளிதில் நீங்கவில்லை. தந்தை ஊர் திரும்பிவிட, அன்னையின் குடும்பப்பெயரிலும் பாட்டியின் பராமரிப்பிலும் வளர்ந்த பிள்ளைகள் தோற்றத்தால் வேறுபட்டுப் பெயரால் மட்டும் ஊரோடு ஒன்றியிருந்தனர். அவர்களுக்குச் சாதாரணமான தாய்லாந்துப் பெயர் ஒரு கவசமாக இருந்தது. தந்தையின் நாடு எதுவாயினும் தாய்லாந்துக் குடியுரிமை அன்னைவழியிலும் இறங்கும் என்பது ஐயத்துக்கிடமின்றி உறுதியானது 1992ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தத்தால்தான்.

அதற்குப் பிந்திய சில ஆண்டுகளில் நிலைமை தலைகீழாயிற்று. விளம்பரத்திலும் தொலைக்காட்சியிலும் கலப்புத் தோற்றம் விரும்பப்படுவதாக மாறியபோது, அயற்பெயரும் மறைக்கத் தேவையற்றதாயிற்று. அமெரிக்கத் தந்தைக்கும் தாய்லாந்து அன்னைக்கும் 1980இல் பிறந்த பாடகியின் முதல் இசைத்தொகுப்பு 1995இல் 'அமிதா தாதா யங்' என்ற தலைப்போடு வெளிவந்தது: அளவற்றது என்னும் பொருளுடைய வடசொல் இயற்பெயராகவும், வாய்க்கு எளிய ஈரசை செல்லப்பெயராகவும், தந்தையின் ஓரசை ஆங்கிலப் பெயர் குடும்பப்பெயராகவும் ஒரே வரியில் அமர்ந்தன. எண்பதாண்டுக்கு முன் பிறந்திருந்தால் யங் என்பதை அரசர் ஏதேனும் ஒரு பாலிச் சொல்லாக மாற்றியிருப்பார். கடலுக்கு அப்பால் நடந்ததும் குறிப்பிடத்தக்கது. 1975இல் கலிஃபோர்னியாவில் பிறந்த கோல்ஃப் வீரர் டைகர் வுட்ஸின் முறையான பெயர் எல்ட்ரிக் தோன்ட் வுட்ஸ். தாய்லாந்தைச் சேர்ந்த அன்னை குல்திடா, கணவர் ஏர்லின் ஆங்கில முதலெழுத்தில் தொடங்கித் தம் பெயரின் முதலெழுத்தில் முடியுமாறு எல்ட்ரிக் என்பதைத் தாமே புனைந்து, நடுவில் ஒரு தாய்லாந்துப் பெயரையும் வைத்தார். ஆனால் உலகம் அறிந்தது தந்தை இட்ட டைகர் என்ற செல்லப்பெயரைத்தான்.

செல்லப்பெயரின் இந்த வலிமையே அரசுக்குக் கவலையுமாயிற்று. கலப்பு மரபு சிறிதுமில்லாத குடும்பங்களும் பால், பேங்க், பென்ஸ், கோல்ஃப், ஐஸ், மின்ட் என்று ஆங்கிலச் சொற்களால் பிள்ளைகளை அழைக்கத் தலைப்பட்டமையால், 2007இல் பண்பாட்டு அமைச்சகம் நிறம், விலங்கு, கனி என்று வகைப்படுத்திய பழைய செல்லப்பெயர்களைச் சிறு நூல்களாகத் தொகுத்துப் பரப்பும் முயற்சியில் இறங்கியது. அம்முயற்சியால் பெற்றோரின் விருப்பம் பெரிதாக மாறியதாகத் தெரியவில்லை. ஹக்கா மருத்துவர்களின் வழியில், 1964இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் பிறந்து, 2008 முதல் 2011 வரை பிரதமராக இருந்த அபிசித் வேஜ்ஜாஜீவவை நாடே மார்க் என்று அழைத்தது. அவருடைய அரசை எதிர்த்தவர்களும் அவ்வாறே அழைத்தனர்.

இன்று தாய்லாந்தில் பிறந்த குழந்தையின் பிறப்பைப் பதினைந்து நாள்களுக்குள் மாவட்ட அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும் என்பதால், ஒரு மாதம் காத்திருந்து பெயரிட்ட பழைய முறைக்கு இடமில்லை. செல்லப்பெயர் மகப்பேற்று அறையிலேயே ஒட்டிக்கொள்கிறது. இயற்பெயருக்காகப் பெற்றோர் ஒருபுறம் பிக்குவின் பட்டியலையும் மறுபுறம் அயல்நாட்டுப் பாட்டியின் விருப்பத்தையும் வைத்துக்கொண்டு நாள்களை எண்ணுகின்றனர். அயல்நாட்டில் பிறந்த குழந்தையென்றால் வேறொரு குழப்பம் உண்டு. பூமிபோல் அரசர் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் பிறந்தபோது, பெயர் பாங்காக்கிலிருந்த சிறியதகப்பனாரான பிரஜாதிபோக் அரசரிடமிருந்து வர வேண்டியிருந்தமையால், மருத்துவமனைச் சான்றிதழில் 'பேபி சோங்க்லா' என்று மட்டும் எழுதப்பட்டது. சோங்க்லா என்பதும் தந்தையின் பட்டத்திலிருந்து எடுத்ததே. இப்போது அவ்வகைக் குழந்தைகளின் பிறப்பு தூதரகத்தில் பதிவாகிறது. ஒரு நாட்டின் சான்றிதழில் ரோமன் எழுத்தில் உள்ள பெயரை மற்றொரு நாட்டின் எழுத்தில் பெயர்த்து, பிறகு அந்நாட்டுக் கடவுச்சீட்டுக்காக மீண்டும் ரோமனுக்குக் கொண்டுவரும்போது, வடமொழி எழுத்தைப் பின்பற்றுபவர் கமல் என்றும் ஒலியைப் பின்பற்றுபவர் கமொன் என்றும் எழுத நேர்கிறது. ஒரே பிள்ளையின் இரு கடவுச்சீட்டுகளில் இரு பெயர்கள் அமைந்துவிடாதிருக்க, தாய்லாந்து எழுத்தில் காலகிணி இன்றியும் ரோமன் எழுத்தில் ஒரே வடிவத்திலும் நிற்கும் குறுகிய பெயர்களையே கலப்பு மணத் தம்பதியர் பலர் இப்போது நாடுகின்றனர். தேங், இன், மீ, மா என்று சியாமியர் முன்பு இட்டுவந்த ஓரசைப் பெயர்கள் பலவும் அந்தத் தேவைக்குப் பொருந்தக்கூடியவையே.